நல்லா இருக்கும்போது எதுக்கு சதை எடுக்கணும்?

போன மாசம் ஒரு வாசகர், "அல்சரேடிவ் கோலைடிஸ் வந்து 9 வருஷம் ஆகுது, மாத்திரையில நல்லா இருக்கேன், திரும்பவும் கொலோனோஸ்கோபி பண்ணிதான் ஆகணுமா"ன்னு கேட்டிருந்தார். (அல்சரேடிவ் கோலைடிஸ்னா பெருங்குடலோட உள்பக்கம் புண்ணாகற நோய், கொலோனோஸ்கோபின்னா ஆசனவாய் வழியா கேமரா டியூப் விட்டுப் பாத்து, சின்னச் சின்ன சதைத் துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பறது.) பண்ணணும், 8 வருஷம் தாண்டினவங்க புற்றுநோய்க்கு முந்தின மாற்றம் ஏதாவது தெரியுதான்னு அப்பப்போ பாத்துக்கணும்னு நாலு வரியில பதில் போட்டிருந்தேன். நாலு வரி பத்தலைன்னு இந்த மாசம் வந்த கடிதங்களைப் பாத்தா தெரியுது, குடியாத்தம், ஆம்பூர், ஆரணி, வாலாஜான்னு நம்ம பக்கத்து ஊர்லருந்தே இத்தனை பேரு எழுதியிருக்கீங்க. அதனால இந்த முறை வேற கேள்வி எதையும் எடுக்கல, முழுசா இதுதான்.

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு 41 வயசு, லுங்கி வியாபாரம். கோலைடிஸ் வந்து 11 வருஷம். போன தடவை டியூப் விட்டு பாத்தப்போ 34 எடத்துல சதை எடுத்து 8 பாட்டில்ல போட்டு அனுப்பினாங்க. என் கூட்டாளிக்கும் இதே வியாதிதான், அவருக்கு வேற ஆஸ்பத்திரியில 7 எடத்துலதான் எடுத்தாங்களாம். இத்தனை எடுத்தா குடலு ஓட்டை ஆயிடாதா, யாரு செஞ்சது சரின்னு வீட்ல எல்லாரும் கேட்டுகினு இருக்காங்க. (குடியாத்தம்)

பதில்: முதல்ல பயத்தை எறக்கி வெச்சிடலாம் அண்ணே. ஒவ்வொரு தடவையும் எடுக்கறது ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான், ஏறக்குறைய ஒரு கடுகு சைஸ். குடல் சுவர்ல அடுக்கடுக்கா நாலு லேயர் இருக்கு, நாங்க கிள்ளறது உள்பக்கம் இருக்கற மேல் தோலை மட்டும், அது சில நாள்ல ஆறிடும். அந்த மேல் தோல்ல கிள்ளற வலி தெரியற நரம்பே கிடையாது, டெஸ்ட் நடக்கும்போது வயித்துல ஒரு இழுப்பு வலி வருதுன்னா அது காத்து அடிக்கறதாலயும் டியூப் வளையறதாலயும் வர்றது, கிள்ளறதால இல்ல. குடல் ஓட்டை ஆகறது மொத்த கொலோனோஸ்கோபியில ஆயிரத்துல ஒருத்தருக்கும் கம்மி. 34ம் 7ம் அந்தக் கணக்கை பெருசா மாத்தாது.

இப்போ எதுக்கு 34ங்கறதுக்கு வரேன், இதை கொஞ்சம் நிதானமா சொல்லணும். கோலைடிஸ் இல்லாத ஒருத்தருக்கு குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப்னு ஒரு மொட்டு மாதிரி கிளம்பி, பல வருஷம் மொட்டாவே இருந்து, அப்புறம்தான் மாறும். கேமராவுல மொட்டு பளிச்சுன்னு தெரியும், கண்ணியைப் போட்டு வெட்டி எடுத்துட்டா முடிஞ்சது. கோலைடிஸ்ல அப்படி நடக்கணும்னு இல்ல. வருஷக்கணக்கா புண்ணாகி ஆறி, திரும்ப புண்ணாகி ஆறின தோல்ல செல்லெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா குணம் மாறுது, அதுக்கு டிஸ்பிளேசியான்னு பேரு, அது பல நேரம் தட்டையா, பக்கத்துல இருக்கற தோலோட கலந்து, பாய் மேல பாய் விரிச்ச மாதிரி கிடக்கும். 1967லயே லண்டன் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியில மோர்சன், பாங்னு ரெண்டு டாக்டருங்க ஆசனக்குடல் சதையை மைக்ராஸ்கோப்ல பாத்து, புற்றுநோய் வர்றதுக்கு முன்னாடியே இந்த மாற்றத்தைப் பிடிக்க முடியும்னு எழுதினாங்க. இன்னிக்கு நாங்க பண்றதுக்கெல்லாம் அதுதான் ஆரம்பம்.

கண்ணுக்குத் தெரியாதுன்னா எப்படிப் பிடிக்கறது? அப்போ இருந்த கேமராவுல படம் மங்கலா தெரியும், அதனால ஒரு முறை வெச்சாங்க: 10 சென்டிமீட்டருக்கு ஒரு எடம், அந்த எடத்துல நாலு பக்கமும் ஒவ்வொரு துண்டு. டியூபை மடிப்பு இல்லாம நேரா வெச்சி அளந்தா ஆசனவாயிலருந்து பெருங்குடல் ஆரம்பிக்கற எடம் வரைக்கும் சுமார் 80 சென்டிமீட்டர் வரும், எட்டு எடம், எடத்துக்கு நாலு, 32 ஆச்சா, உங்களோட எட்டு பாட்டில் கணக்கு இதுதான். 1992ல அமெரிக்காவுல சியாட்டில் ஊர் டாக்டருங்க ஒரு கணக்கு போட்டு, குறைஞ்சது 33 துண்டு எடுத்தா டிஸ்பிளேசியா இருந்தா 90 சதவீதம் நம்பிக்கையோட பிடிக்கலாம், 95 சதவீதம் வேணும்னா 64 துண்டு எடுக்கணும்னு சொன்னாங்க, அந்த 33 அப்படியே உலகம் முழுக்க நின்னுடுச்சி.

ஆனா யோசிச்சுப் பாருங்க, ஒரு ஏக்கர் கழனியில 33 எடத்துல ஒவ்வொரு பிடி மண்ணு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினா, மண்ணோட பொதுக் குணம் தெரியும், ஆனா எங்கயோ ஒரு மூலையில உள்ளங்கை அளவு உப்பு பூத்திருந்தா அது நம்ம கையில மாட்டணும்னு என்ன கட்டாயம்? 33 துண்டும் சேந்து குடலோட உள்பரப்புல 1 சதவீதம்கூட தேறாது.

அதனால கண்ணையே கூர்மையாக்கணும்னு வழி தேடினாங்க. குடல் முழுக்க நீலச் சாயத்தை லேசா தெளிச்சா (மெத்திலீன் ப்ளூ, இண்டிகோ கார்மைன் ரெண்டுல ஒண்ணு) மேடு பள்ளத்துல சாயம் தேங்கி, தட்டையா கிடக்கற மாற்றத்தோட ஓரம் கோடு போட்ட மாதிரி எழும்பித் தெரியும். 2003ல ஜெர்மனியில மைன்ஸ் ஊர்ல 165 பேரை வெச்சிப் பாத்தப்போ, சாயம் போட்டுப் பாத்த குரூப்ல சாதாரணமா பாத்த குரூப்பைவிட மூணு மடங்கு டிஸ்பிளேசியா கண்டுபிடிச்சாங்க. அதோட ஹெச்டி கேமராவும் வந்துச்சு. 2016ல ஜப்பான்ல 246 பேரை ரெண்டா பிரிச்சி, ஒரு குரூப்புக்கு 10 சென்டிமீட்டருக்கு நாலு துண்டு, இன்னொரு குரூப்புக்கு சந்தேகமா தெரியற எடத்துல மட்டும்னு எடுத்தாங்க. முதல் குரூப்ல ஆளுக்கு சராசரியா 35 துண்டு, ரெண்டாவதுல 3 துண்டு, கண்டுபிடிச்சது ஏறக்குறைய சமம்தான். உங்க கூட்டாளிக்கு 7 எடுத்ததுல சந்தேகமான எடம் ஒண்ணு ரெண்டும், புண்ணு உள்ளுக்குள்ள எரியுதான்னு பாக்க ஒவ்வொரு பகுதியிலயும் ஒண்ணும் இருக்கும், நல்ல கேமராவுல, சுத்தமான குடல்ல, சாயம் போட்டு நிதானமா பாத்திருந்தா அது முழுமையான டெஸ்டுதான்.

அப்போ உங்களுக்கு 34 எடுத்தது தப்பான்னா, இல்ல. 2018ல பிரான்ஸ்லருந்து வந்த ஆராய்ச்சியில 1000 பேருக்கு சாயம் போட்டும் பாத்தாங்க, அங்கங்க கிள்ளியும் எடுத்தாங்க. 12 பேருக்கு சாயத்துலயும் தெரியாத டிஸ்பிளேசியா, சும்மா கிள்ளின துண்டுல மட்டும் மாட்டுச்சி. அந்த 12ல மாட்டறவங்க எப்படிப்பட்டவங்கன்னு பாத்தா, ஏற்கனவே டிஸ்பிளேசியா வந்தவங்க, பித்தக்குழாய் சுருங்கற வியாதியும் கூடவே இருக்கறவங்க, குடல் மடிப்பெல்லாம் போயி பைப்பு மாதிரி ஆனவங்க. இந்த மூணு வகைக்கு நான் இன்னிக்கும் சாயமும் போடுவேன், 10 சென்டிமீட்டருக்கு நாலும் எடுப்பேன், நேரம் ஆனாலும் பரவாயில்ல. சாயமும் ஹெச்டியும் இல்லாத எடத்துலயும் 33ஐ விடக்கூடாது, அதுதான் அங்க இருக்கற ஒரே பாதுகாப்பு. அதனால எத்தனை துண்டுன்னு கூட்டாளியோட ஒப்பிடாதீங்க, குடல் சுத்தமா இருந்துச்சா, சாயம் போட்டாங்களா, எந்தெந்த எடத்துல எடுத்தாங்கன்னு பாட்டில் வாரியா எழுதியிருக்கான்னு ரிப்போர்ட்ல பாருங்க. 34 துண்டையும் ஒரே பாட்டில்ல போட்டிருந்தாதான் நான் வருத்தப்படுவேன், ஒரு துண்டுல தப்பு இருந்தா எந்த எடத்துக்குத் திரும்பப் போறது? உங்களுக்கு எட்டு பாட்டில் வெச்சிருக்காங்க, பொறுப்பா செஞ்சிருக்காங்க.

கேள்வி: மேடம், நான் ஷூ கம்பெனியில தையல் செக்‌ஷன்ல வேலை செய்யறேன். 2014லருந்து மோஷன்ல ரத்தம் போச்சு, மூலம்னு சொல்லி லேகியம், ஊசி எல்லாம் பாத்தோம். 2020லதான் டியூப் விட்டுப் பாத்து கோலைடிஸ்னு சொன்னாங்க. 8 வருஷம்னா எனக்கு 2028லதானே? (ஆம்பூர்)

பதில்: இல்லம்மா. உங்க 8 வருஷம் 2022லயே முடிஞ்சது. பேரு வெச்ச நாள்லருந்து எண்ணக்கூடாது, முதல் முதல்ல ரத்தமும் சளியுமா போக ஆரம்பிச்ச நாள்லருந்து எண்ணணும். குடலுக்கு டாக்டர் எப்போ பேரு வெச்சாருன்னு தெரியாது, அது எப்போ புண்ணாச்சோ அப்பவே அதோட கணக்கு ஆரம்பிச்சிடும்.

இதை எழுதும்போது எனக்கு எங்க பெரியப்பா ஞாபகம் வருது. ஆத்துக்கு அந்தப் பக்கம் கரும்பு போட்டிருந்தவர், 6 வருஷம் மூலம்னே வைத்தியம் பாத்தார், ஒரு எடத்துல ரப்பர் பேண்டு போட்டாங்க, இன்னொரு எடத்துல ஆபரேஷனே பண்ணாங்க, ரத்தம் நிக்கல. ஒருத்தராவது உள்ள ஒரு டியூபை விட்டுப் பாத்திருக்கலாம். நான் படிப்பு முடிச்சிட்டு ஊருக்கு வந்தப்போதான் அது கோலைடிஸ்ங்கற விஷயம் வெளிய வந்துச்சு, ஆள் பாதியா எளைச்சிருந்தார், ரத்தம் 6 பாயிண்ட். அவருக்கு நோயோட பேரு தெரிஞ்ச அன்னிக்கே கண்காணிப்புக்கு 2 வருஷம்தான் பாக்கி, ஆனா யாரும் அதைச் சொல்லல, நானும் அப்போ சின்னப் பொண்ணு, எனக்கும் தோணல. நல்லவேளை, அப்புறம் பண்ணின டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல. பஸ் ஸ்டாண்டுல, ரயில்வே ஸ்டேஷன் சுவத்துல மூலம் பௌத்திரம் போர்டைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். மூலத்துல ரத்தம் போகும், சரி, ஆனா ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை போறது, சளி கலந்து போறது, ராத்திரி தூக்கத்துலருந்து எழுப்பிப் போகவைக்கறது மூலத்தோட வேலை இல்ல.

நீங்க இந்த மாசமே உங்க டாக்டர்கிட்ட 2014னு தேதியைச் சொல்லுங்க. 2020ல பாத்தது நோயைக் கண்டுபிடிக்கப் பாத்தது, கண்காணிப்புக்குப் பாத்தது இல்ல, ரெண்டும் வேற.

கேள்வி: எனக்கு ஆசனக்குடல்ல மட்டும்தான் புண்ணு, மேல போகலன்னு சொன்னாங்க, சப்போசிட்டரி வெக்கறேன். நானும் இதெல்லாம் பண்ணணுமா மேடம்? (சத்துவாச்சாரி)

பதில்: வேணாம். ஆசனக்குடலோட நிக்கற கோலைடிஸ்ல புற்றுநோய் அபாயம் மத்தவங்களைவிட பெருசா கூடாது. இடதுபக்கம் வரைக்கும் ஏறினவங்களுக்கும், குடல் முழுக்க பரவினவங்களுக்கும்தான் இந்தக் கண்காணிப்பு. ஒரே ஒரு விஷயம், இந்த நோய் சிலருக்கு வருஷம் போகப் போக மேல ஏறும், அதனால 8 வருஷம் ஆனதும் ஒரு தடவை முழுசாப் பாத்து, இன்னும் கீழயே நிக்குதான்னு உறுதி பண்ணிக்கணும்.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் ரிப்போர்ட்ல லோ கிரேடு டிஸ்பிளேசியான்னு போட்டிருக்கு. நெட்ல பாத்தா கேன்சர்னு வருது. ரெண்டு நாளா வீட்ல யாரும் சாப்பிடல. குடலையே எடுத்துடணும்னு சொல்றாங்களே, உண்மையா? (ஆரணி)

பதில்: தங்கச்சி, முதல்ல சாப்பிடுங்க. லோ கிரேடு டிஸ்பிளேசியாங்கறது கேன்சர் இல்ல, கேன்சரா மாறக்கூடிய வழியில செல்லு ஒரு அடி எடுத்து வெச்சிருக்குன்னு அர்த்தம். நாம தேடினதே இதைத்தான், இது இப்பவே கிடைச்சது நல்ல விஷயம்.

1983ல அமெரிக்க, கனடா, இங்கிலாந்து பேத்தாலஜி டாக்டருங்க (எடுத்த சதையை மைக்ராஸ்கோப்ல பாத்து சொல்றவங்க) சேந்து ஒரு வரிசை போட்டாங்க, இன்னிக்கும் ரிப்போர்ட்ல அதுதான் வருது. மாற்றம் இல்ல, சொல்ல முடியல, லோ கிரேடு, ஹை கிரேடு, இவ்வளவுதான். இதுல சொல்ல முடியலங்கறதுக்கும் லோ கிரேடுக்கும் நடுவுல கோடு ரொம்ப மெலிசு, புண்ணு எரிஞ்சிக்கிட்டு இருக்கற குடல்ல ஆறுறதுக்காக வேகமா வளர்ற செல்லும் மைக்ராஸ்கோப்ல கன்னாபின்னான்னுதான் தெரியும், அனுபவப்பட்டவங்களே தடுமாறுவாங்க. அதனால டிஸ்பிளேசியான்னு வந்தா குடல் சதையையே பாத்துப் பழகின இன்னொரு பேத்தாலஜி டாக்டர் ஸ்லைடைத் திரும்பப் பாத்து ஒத்துக்கணும், இது உங்க டாக்டரை சந்தேகப்படறது இல்ல, எல்லா நாட்டு வழிகாட்டுதல்லயும் இருக்கற முறைதான். ஸ்லைடும், மெழுகுல பதிச்ச பிளாக்கும் லேப்ல பத்திரமா இருக்கும், எழுதிக் குடுத்து வாங்கிக்கலாம்.

அடுத்து நீங்க கேக்க வேண்டியது ஒண்ணுதான், அந்தத் துண்டு கண்ணுக்குத் தெரிஞ்ச ஒரு மேட்டுலருந்து எடுத்ததா, இல்ல ஒண்ணும் தெரியாத எடத்துல சும்மா கிள்ளினதுல வந்ததா? எல்லாமே இதுல பிரியுது. ஓரம் தெளிவா தெரியற ஒரு மேடுன்னா டியூப் வழியாவே மொத்தமா எடுத்துடலாம், எடுத்த எடத்தைச் சுத்தியும் சதை எடுத்துப் பாத்து சுத்தமா இருந்தா குடலை எடுக்கத் தேவையில்ல, சில மாசத்துல திரும்பப் பாத்து, அப்புறம் அடிக்கடி பாத்துக்கிட்டா போதும். ஒரு காலத்துல கோலைடிஸ் குடல்ல மேடும் டிஸ்பிளேசியாவும் சேந்து வந்தாலே ஆபரேஷன்தான், 2015ல சீனிக்னு பல நாட்டு டாக்டருங்க கூடி எடுத்த முடிவுல அந்த மாதிரி மேட்டுக்கு வெச்சிருந்த டால்ம்ங்கற (DALM) பழைய பேரையே விடச் சொல்லிட்டாங்க, எடுக்க முடியுமா முடியாதான்னு மட்டும் பாருங்கன்னு சொன்னாங்க. எத்தனையோ பேரோட குடலைக் காப்பாத்தின மாற்றம் அது.

கண்ணுக்குத் தெரியாம கிள்ளினதுல வந்ததுன்னா, சாயம் போட்டுப் பாக்கறதுல கைதேர்ந்தவங்ககிட்ட போயி திரும்ப முழுசாப் பாக்கணும், பல நேரம் போன தடவை தெரியாத மேடு அப்போ தெரியும், தெரிஞ்சா எடுத்துடலாம். ஹை கிரேடா இருந்து எங்கருந்து வந்ததுன்னே தெரியல, இல்ல லோ கிரேடே நாலஞ்சு எடத்துல வந்திருக்குன்னா அப்போ நான் ஆபரேஷனைப் பத்தி நேராவே பேசுவேன், சுத்தி வளைக்க மாட்டேன். இப்ப உள்ள ஆபரேஷன்ல பெரும்பாலானவங்களுக்கு சிறுகுடல்லயே ஒரு பை தைச்சி ஆசனவாயோட இணைச்சிடுவாங்க, கொஞ்ச மாசம் வயித்துக்கு வெளிய மலம் சேர்ற பை ஒட்டியிருக்கும், அப்புறம் வழக்கமான வழிதான். அது உயிரைக் காப்பாத்தற ஆபரேஷன், தண்டனை இல்ல. உங்க வீட்டுக்காரர் விஷயத்துல அந்தப் பேச்சு வர்றதுக்கு முன்னாடி நான் சொன்ன ரெண்டு வேலை நடக்கணும், அது நடக்காம யாரும் கத்தியை எடுக்கக்கூடாது.

கேள்வி: என் பையனுக்கு 19 வயசு. கோலைடிஸ் வந்து ஒரு வருஷம்தான் ஆச்சு. லிவர்ல பித்தக்குழாய்ல சுருக்கம் இருக்கு, ஏதோ ஸ்க்லெரோசிங்னு ஆரம்பிக்கற பேரு சொன்னாங்க. அவனுக்கு மட்டும் வருஷா வருஷம் டியூப் விடணும்னு சொல்றாங்க. 8 வருஷம்னு நீங்க சொன்னீங்களேம்மா. (வாலாஜாப்பேட்டை)

பதில்: உங்க டாக்டர் சொன்னதுதான் சரிம்மா, நான் போன மாசம் நாலு வரியில இதை விட்டுட்டேன், என் தப்புதான். ப்ரைமரி ஸ்க்லெரோசிங் கோலாஞ்சைட்டிஸ்னு அந்த வியாதிக்குப் பேரு. அது கூட சேந்தா 8 வருஷக் கணக்கே கிடையாது, அது தெரிஞ்ச நாள்லருந்தே வருஷத்துக்கு ஒரு தடவை. கொடுமை என்னன்னா இப்படி ரெண்டும் சேந்த பிள்ளைங்களுக்கு வயித்துத் தொந்தரவு கம்மியாதான் இருக்கும், ரத்தம் போகாது, நல்லா சாப்பிடுவான், கிரிக்கெட் ஆடுவான், அவனைப் போயி ஏன் படுத்தணும்னு பெத்தவங்களுக்குத் தோணும். ஆனா உள்ள, அதுவும் வலதுபக்கக் குடல்ல, மாற்றம் வர்ற வாய்ப்பு மத்த கோலைடிஸ்காரங்களைவிட பல மடங்கு அதிகம். டியூப் கடைசி வரைக்கும் போச்சா, சிறுகுடல் சேர்ற எடத்தோட போட்டோ இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் கேளுங்க. இவனுக்குத்தான் சாயமும் வேணும், அங்கங்க நாலு பக்கமும் கிள்ளறதும் வேணும்.

மத்தவங்களுக்கும் இடைவெளி ஒரே மாதிரி இல்லன்னு இங்கயே சொல்லிடறேன். குடல் நல்லா ஆறியிருக்கு, வீட்ல யாருக்கும் குடல் புற்றுநோய் இல்லன்னா 5 வருஷத்துக்கு ஒரு தடவை போதும். லேசா எரிச்சல் இருக்கு, இல்ல பழைய புண்ணு ஆறின மொட்டுங்க நிறைய இருக்கு, இல்ல அப்பா அம்மா கூடப்பொறந்தவங்கள்ல ஒருத்தருக்கு 50 வயசுக்கு மேல குடல் புற்றுநோய் வந்திருக்குன்னா 3 வருஷம். புண்ணு நல்லா எரியுது, குடல் எங்கயாவது சுருங்கியிருக்கு, 5 வருஷத்துக்குள்ள டிஸ்பிளேசியா வந்திருக்கு, இல்ல அவங்கள்ல ஒருத்தருக்கு 50க்கு முன்னாடியே வந்திருக்குன்னா வருஷா வருஷம். பிரிட்டிஷ் டாக்டருங்க 2010ல வகுத்த கணக்கு இது, கொஞ்சம் மாத்தி மாத்தி பல ஊர்லயும் இதைத்தான் வெச்சிக்கறோம்.

கேள்வி: டெஸ்டுக்குப் போனேன், குடல் சுத்தமா இல்லன்னு பாதியிலயே வெளிய எடுத்துட்டு திரும்ப வரச்சொல்லிட்டாங்க. பணமும் போச்சு, லீவும் போச்சு. இது நியாயமா? (காட்பாடி)

பதில்: கோவம் புரியுது, ஆனா அவங்க செஞ்சது நியாயம்தான் தம்பி. மலம் ஒட்டியிருக்கற குடல்ல சாயம் தெளிச்சா சேத்துல கோலம் போட்ட மாதிரிதான். மேலாகப் பாத்துட்டு எல்லாம் நார்மல்னு எழுதி அனுப்பியிருந்தா நீங்க சந்தோஷமா வீட்டுக்குப் போயிருப்பீங்க, 3 வருஷம் அந்தப் பேப்பரை நம்பிக்கிட்டு இருந்திருப்பீங்க. என் அனுபவத்துல நல்ல டெஸ்டுல பாதி உங்க வீட்டு சமையலறையில நடக்குது.

ரெண்டு மூணு நாள் முன்னாடியே கீரை, கொய்யா, தக்காளி, கேழ்வரகு, முளைகட்டின பயறு, எள்ளு இதெல்லாம் நிறுத்திடுங்க. நம்ம வேலூர் முள்ளு கத்திரிக்காயும் வேணாம், 2023ல புவிசார் குறியீடு வாங்கின பெருமை அதுக்கு இருக்கலாம், ஆனா அந்த விதை ஒவ்வொண்ணும் குடல் மடிப்புல ஒட்டிக்கிட்டு டியூபோட ஓட்டையை அடைக்கும். பிரியாணியோட வர்ற கத்திரிக்கா தொக்கும் அப்படித்தான். இட்லி, வெள்ளை சாதம், தயிர், உருளைக்கிழங்கு, முட்டை சாப்பிடலாம். முந்தின நாள் காலையில லேசா சாப்பிட்டுட்டு அப்புறம் தெளிவான தண்ணி வகைதான், இளநீர், வடிகட்டின ரசத் தெளிவு, பால் இல்லாத டீ. சிவப்பு, ஊதா கலர் ஜூஸ் குடிக்காதீங்க, உள்ள பாத்தா ரத்தம் மாதிரியே இருக்கும்.

பவுடரை ரெண்டு லிட்டர் தண்ணியில கரைச்சி ராத்திரியே முழுசும் குடிச்சிட்டு படுக்காதீங்க. பாதி முந்தின சாயங்காலம், மீதிப் பாதி டெஸ்டுக்கு அஞ்சாறு மணி நேரம் முன்னாடி. காலை 10 மணிக்கு டெஸ்டுன்னா விடியக்காலை நாலரைக்கு எழுந்து குடிக்கணும், கஷ்டம்தான், ஆனா வலதுபக்கக் குடல் சுத்தமாகறது அந்த ரெண்டாவது பாதியிலதான். கடைசியா வெளிய வர்றது எலுமிச்சை ஜூஸ் நிறத்துல தெளிவா இருக்கணும், கலங்கலா இருந்தா வந்த உடனே நர்ஸ்கிட்ட சொல்லிடுங்க, எனிமா குடுத்துப் பாப்பாங்க, மறைச்சா உங்களுக்குத்தான் நஷ்டம். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்னாடி நிறுத்தணும், குடலைக் கறுப்பாக்கிடும். சுகர் மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை சாப்பிடறவங்க தேதி வாங்கும்போதே சொல்லணும், தானா நிறுத்தக்கூடாது. பேதிக்கு சோடியம் பாஸ்பேட் கலந்த மருந்து குடுத்தா எனக்கு கோலைடிஸ் இருக்குன்னு சொல்லி மாத்தி வாங்குங்க, அது குடல்ல சின்னச் சின்னப் புண்ணை உண்டாக்கும், அப்புறம் எது நோயோட புண்ணு எது மருந்தோட புண்ணுன்னு எங்களுக்கே குழம்பும். நம்ம ஊரு சித்திரை வெயில்ல தேதி விழுந்தா வயசானவங்களுக்கு உப்புச்சத்து குறைஞ்சி தலை சுத்தும், உப்பு சக்கரைக் கரைசல் கூடவே குடிக்கணும், தனியா அனுப்பாதீங்க.

சாயம் போட்டவங்களுக்கு ரெண்டு நாளைக்கு மோஷன் நீலமாவோ பச்சையாவோ போகலாம், மெத்திலீன் ப்ளூன்னா மூத்திரமும் மாறும், பயப்படாதீங்க.

கேள்வி: இப்போ ரத்தம் போயிக்கிட்டு இருக்கு, தேதி வந்துடுச்சி. ஆறினப்புறம் போலாமா? (போளூர்)

பதில்: முடிஞ்சா ஆற வெச்சிட்டுப் பாக்கறதுதான் நல்லது, காரணம் மேலயே சொல்லிட்டேன், எரியற குடல்ல மைக்ராஸ்கோப்பு குழம்பும். ஆனா ஆறட்டும் ஆறட்டும்னு வருஷத்தை ஓட்டக்கூடாது. மருந்தைக் கூட்டி மூணு மாசத்துல அடங்கலன்னா இருக்கற நிலைமையிலயே பாத்துடணும், அடங்காம எரியற குடலுக்குத்தான் அபாயமே அதிகம். புண்ணை அடக்கி வெக்கற மெசாலமின் மாத்திரையை நல்லா ஆனதும் நிறுத்தாதீங்கன்னு நாங்க கெஞ்சறதும் இதுக்காகத்தான்.

கேள்வி: மோஷன் டெஸ்ட், சிடி ஸ்கேன், இப்போ மாத்திரை கேமரா எல்லாம் வந்துடுச்சே, அதுல பாக்கக்கூடாதா? (திருப்பத்தூர்)

பதில்: கூடாது. மோஷன்ல கால்ப்ரொடெக்டின் பாத்தா எரிச்சல் இருக்கா இல்லையான்னு தெரியும், டிஸ்பிளேசியா தெரியாது. சிடியில கட்டி தெரியும், தட்டையா கிடக்கறது தெரியாது. மாத்திரை கேமரா படம் எடுக்கும், சதை எடுக்காது.

கேள்வி: பழைய ரிப்போர்ட் எதுவும் கையில இல்ல, வீடு மாத்தினப்போ போச்சு. 15 வருஷமா கோலைடிஸ். எல்லாரும் கேன்சர் வரும்னு பயமுறுத்தறாங்க, போகவே கை நடுங்குது. எங்கருந்து ஆரம்பிக்கறது? (பாகாயம்)

பதில்: பயமுறுத்தற கணக்கு எங்கருந்து வருதுன்னு சொல்றேன். 2001ல பழைய ஆராய்ச்சி எல்லாத்தையும் கூட்டிப் பாத்து, 10 வருஷத்துல 2 சதவீதம், 20 வருஷத்துல 8, 30 வருஷத்துல 18 சதவீதம் பேருக்கு வரும்னு ஒரு கணக்கு வந்துச்சு, அதைத்தான் இன்னும் எல்லாரும் சொல்லிக்கிட்டு இருக்காங்க. 2006ல செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரி, ஒழுங்கா கண்காணிப்புல இருந்தவங்களோட 30 வருஷக் கணக்கை வெளியிட்டப்போ 20 வருஷத்துல 2.5, 30 வருஷத்துல 7.6 சதவீதம்தான் வந்துச்சு. உங்களை மாதிரி 15 வருஷம் ஆன நூறு பேர்ல மிகப் பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணுமே வராது. அந்த ஒருத்தர் ரெண்டு பேரு யாருன்னு முன்கூட்டியே தெரியாதுங்கறதால எல்லாரும் படுத்துப் பாக்க வேண்டியிருக்கு.

வங்காளத்துலருந்தும் ஜார்க்கண்ட்லருந்தும் ரெண்டு நாள் ரயில்ல உக்காந்து காட்பாடியில எறங்கி, லாட்ஜ் எடுத்து, மொழி தெரியாம, ஃபைலை நெஞ்சோட அணைச்சிக்கிட்டு வேலூர் ஆஸ்பத்திரி வரிசையில நிக்கறாங்க, நீங்க தினமும் பாக்கறீங்க. நீங்க இருக்கறது பாகாயம், ஷேர் ஆட்டோ தூரம். அந்த ஜனங்களைப் பாக்கும்போது நம்ம ஊர்க்காரங்க தள்ளிப்போடறது எனக்கு ரொம்ப வலிக்குது.

ரிப்போர்ட் இல்லன்னாலும் ஆரம்பிக்கலாம். முன்னாடி பாத்த ஆஸ்பத்திரியில உங்க நம்பரோ, பேரும் வருஷமுமோ சொல்லிக் கேளுங்க, பேத்தாலஜி லேப்ல பழைய பதிவு இருக்க வாய்ப்பு உண்டு. அதுவும் இல்லன்னா ஒரு வெள்ளைத்தாள்ல முதல் முதல்ல ரத்தம் போன வருஷம், இதுவரைக்கும் எத்தனை தடவை டியூப் விட்டாங்க, புண்ணு எதுவரைக்கும் ஏறியிருக்குன்னு சொன்னாங்க, இப்போ சாப்பிடற மாத்திரை, சொந்தத்துல யாருக்காவது குடல் புற்றுநோய் வந்துச்சா, வந்தப்போ அவங்களுக்கு என்ன வயசு, இவ்வளவையும் எழுதி எடுத்துக்கிட்டு போங்க, அந்த ஒரு தாளு போதும் எங்களுக்கு. இந்தத் தடவை குடுக்கற ரிப்போர்ட்டை போன்ல போட்டோ எடுத்து உங்க பொண்ணுக்கோ பையனுக்கோ அனுப்பிட்டு, ஒரிஜினலை ரேஷன் கார்டு இருக்கற கவர்லயே வெச்சிடுங்க.